அரிவாளைத் தூக்கிப் பார்த்தால் மட்டும் போதுமா?



நம் கடைக்கு அரிவாள் வாங்க வருகிறவர் முதலில் என்ன செய்கிறார்? கொக்கியில் மாட்டியிருப்பதை எடுத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கிறார். "நல்ல கனம்" என்கிறார். அல்லது "கனம் பத்தாதே" என்கிறார். நாமும் அதற்கேற்ப அடுத்ததை எடுத்து நீட்டுகிறோம். விலை பேசி, தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டால் நம் வியாபாரம் முடிந்தது. அரிவாளுக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நம் கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் இளநீர் விற்றுவந்த பெரியவர் ஒருவர் புது அரிவாள் கேட்டு வந்தார். இருந்ததிலேயே கனமானதை நாமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம். "ஒரே வீச்சில் சீவும், எடுத்துப் போங்கள்" என்று சொல்லியும் அனுப்பினோம். பத்து நாள் கழித்து அதே அரிவாளோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அரிவாள்ல குறை சொல்ல மாட்டேன். ஆனா மத்தியானம் தாண்டினா மணிக்கட்டு பிடிச்சுக்குது. நேத்து ஒரு காயைச் சீவும்போது கை தளர்ந்து, விரல் தப்பினது பெரும்பாடு" என்றார்.

அன்றுதான் நமக்கு உறைத்தது. அவருடைய பிழைப்பு அந்த ஐந்து விரலில் இருக்கிறது. நாமோ அவருடைய வேலையைக் கேட்காமல் இரும்பின் எடையை மட்டும் பார்த்து விற்றிருக்கிறோம். அதன்பிறகு பட்டறைக்காரர்களிடம் கேட்டும், கையிலெடுத்து வெட்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். அரிவாள், வெட்டுக்கத்தி விற்கும் கடைக்காரர்களுக்கும், தேங்காய், வாழைத்தார் வெட்டுவதற்காகக் கடையில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

எடை வேறு, எடை இருக்கும் இடம் வேறு

நாம் தராசு பிடித்த கைகள். பழைய காலத்து வெள்ளிக்கோல் நினைவிருக்கும். அதே சரக்கு, அதே கோல். தூக்குக் கயிறு சிறிது நகர்ந்தால் கோல் சாய்ந்துவிடும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. அரிவாளிலும் இதே கணக்குத்தான்.

ஒரே எடையில், சரியாக 700 கிராமில், இரண்டு அரிவாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் எடை நடுவம் கைப்பிடித்த இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மற்றொன்றில் 18 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நீட்டிப் பிடிக்கும்போது முதலாவது மணிக்கட்டில் ஏற்றும் சுமை 700 பெருக்கல் 10, அதாவது 7,000. இரண்டாவது ஏற்றுவது 12,600. தராசில் இரண்டும் ஒன்றுதான்; மணிக்கட்டுக்கு இரண்டாவது ஏறத்தாழ இருமடங்கு.

ஓங்கி வீசும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது. கையிலிருந்து இருமடங்கு தூரத்தில் இருக்கும் இரும்பைச் சுழற்றவும், சுழன்றதை நிறுத்தவும் நான்கு மடங்கு முயற்சி தேவை. முனையில் கூடுதலாக 100 கிராம் இருந்தால் கை அதை உடனே உணரும். அதே 100 கிராம் பூணுக்குப் பக்கத்தில் இருந்தால் தெரியவே தெரியாது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். மேசைமேல் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, அதன்மேல் அரிவாளைப் பட்டையாகக் கிடத்தி, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் எடை நடுவம். காய்கறி நறுக்கும் கத்தியில் இது பிடிக்கு மிக அருகில் இருக்கும். ஓங்கி வெட்டும் கருவியில் பிடியிலிருந்து தள்ளி, அலகுப் பக்கம் இருக்கும். முன்பாரம் இருந்தால் அடி அழுத்தமாக விழும், கையும் விரைவில் சோரும். பின்பாரம் இருந்தால் கைக்கு அடங்கும், வெட்டில் அழுத்தம் குறையும். இரண்டில் எதுவும் குறையல்ல. எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி.

வெட்டு விழ வேண்டிய இடம்

கிரிக்கெட் மட்டையில் பந்து ஓரிடத்தில் பட்டால் கைக்கே தெரியாமல் பறக்கும். வேறிடத்தில் பட்டால் கை விண்ணென்று அதிரும். அரிவாளிலும் அப்படி ஓரிடம் உண்டு. அங்கே வெட்டு விழுந்தால் வீசிய வேகம் முழுவதும் வெட்டுப்படும் பொருளுக்குள் போகும். அதைவிட்டு முன்னோ பின்னோ தள்ளி விழுந்தால் ஒரு பகுதி அதிர்வாகக் கைக்கே திரும்பும். நாள் முழுக்க வெட்டுகிறவரின் கை வலிக்கு இந்த அதிர்வும் ஒரு காரணம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நூலும் ஒரு திருகாணி நட்டும் போதும். அரிவாளின் வாயில் செய்தித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, முனை கீழே தொங்கும்படி, வெட்டும் திசையில் மெல்ல ஆடவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் நட்டைக் கட்டிய நூலை அதே உயரத்தில் பிடித்து ஆட்டட்டும். நூலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் ஓரளவில் இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும். அப்போது நட்டு எந்த உயரத்தில் தொங்குகிறதோ, அலகில் அந்த இடந்தான் வெட்டு விழ வேண்டிய இடம்.

முழுதும் ஒரே பருமனுள்ள ஒரு கம்பியை நுனியில் பிடித்து இப்படிச் சோதித்தால், அந்த இடம் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் இருக்கும். முன்பாரம் கூடக்கூட அந்த இடமும் முனையை நோக்கி நகரும். நல்ல கருவியில் அது, அலகின் அகன்ற பகுதியோடு, அதாவது நாம் இயல்பாகவே வெட்டும் இடத்தோடு பொருந்தியிருக்கும். பல தலைமுறையாக அடித்துப் பழகிய கொல்லர் கணக்குப் போடாமலே கைப்பழக்கத்தில் இதைக் கொண்டுவந்துவிடுகிறார்.

கனமா, வேகமா?

"கனமானதுதான் நன்றாக வெட்டும்" என்பது பாதி உண்மை. எடை இருமடங்கானால் வெட்டின் ஆற்றல் இருமடங்காகும். வேகம் இருமடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் கனம் கூடினால் கை வேகமாக வீச முடியாது. நூறாவது வீச்சில் வேகம் இன்னும் குறையும். ஆகவே, அவரவர் கை கடைசி வீச்சு வரை வேகம் குறையாமல் வீசக்கூடிய கனமே சரியான கனம்.

நீளத்துக்கும் இதே கணக்கு உண்டு. ஒரே சுழற்சியில் 40 சென்டிமீட்டர் கருவியின் முனையைவிட 60 சென்டிமீட்டர் கருவியின் முனை ஒன்றரை மடங்கு வேகமாகச் செல்லும். ஆனால் நீளம் கூடினால் நெருக்கமான இடத்தில் வீச முடியாது. குறி தவறவும் வாய்ப்பு அதிகம்.

நான்கு வகைகள், நான்கு வேலைகள்

இன்று வாடிக்கையாளர் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வந்து, "இந்த மாதிரி இருக்கிறதா?" என்று கேட்கிறார். அவர் காட்டும் படங்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1. வளைந்த அரிவாள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் தெரியாதவர் நம்மில் இல்லை. அலகு நேராகச் சென்று முன்பகுதியில் வாய்ப்பக்கமாக வளைகிறது. இந்த வளைவு அழகுக்காக வந்ததல்ல. வளைந்த பகுதியின் எடை பிடியின் நேர்க்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்பதால், கிடையாகப் பிடித்தாலே வாய் தானாகக் கீழ்நோக்கித் திரும்பி நிற்கும், கையில் உருளாது. கிளையோ முள்ளோ வெட்டும்போது வளைவுக்குள் சிக்கி நழுவாமல் நிற்கும். வெட்டியதை இழுத்துப் போடவும் வசதி. சீமைக் கருவேல் முள் வெட்டவும் தென்னை மட்டை கழிக்கவும் இதற்கு நிகரில்லை.

2. நேரான வெட்டுக்கத்தி. அகலமாகவும் தடிப்பாகவும், நீளம் குறைவாகவும் இருக்கும். எடை அலகு முழுவதும் பரவியிருப்பதால் கட்டையின்மேல் வைத்து வெட்ட ஏற்றது. இறைச்சிக் கடைக்காரர்கள் புளியமரக் கட்டையின்மேல் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஓங்கி வீச வேண்டியதில்லை. கத்தியின் சொந்தக் கனமே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் நின்றுகொண்டு வேலி வெட்ட இதைக் கொடுத்தால் வாங்கியவர் திட்டுவார்.

3. குக்ரி. நேபாள நாட்டின் கத்தி. கூர்க்காப் படைவீரர்களால் உலகெங்கும் பெயர் பெற்றது. நடுவில் முன்னோக்கி முறிந்தாற்போல் வளைந்து, அதன் முன்பகுதி அகன்று கனத்திருக்கும். அதனால் நீளம் குறைவாக இருந்தும் வெட்டு ஆழமாக விழுகிறது. சிறு கோடரி செய்யும் வேலையில் ஒரு பகுதியை இது செய்யும். முன்பாரம் அதிகமென்பதால் பழகாத கைக்கு விரைவில் அயர்ச்சி வரும். இதை விற்பதில் உள்ள சட்டச் சிக்கலைப் பின்னால் சொல்கிறோம்.

4. மச்செட்டி. தென் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் தோட்டத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் நீண்ட, மெல்லிய கத்தி. அலகின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். கனத்தால் அல்ல, வேகத்தால் வெட்டுவது இது. புல், பச்சைத் தண்டு, இளங்கொடி ஆகியவற்றை வரிசையாகச் சாய்த்துக்கொண்டே போகலாம். காய்ந்த கட்டையில் வீசினால் மெல்லிய அலகு அதிர்ந்து கை எரியும், அல்லது கட்டையில் சிக்கிக்கொள்ளும்.

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்டால், அரிசியில் எது சிறந்தது என்று கேட்பது போலத்தான். இட்லிக்கா, பொங்கலுக்கா, பிரியாணிக்கா என்று நாம் திருப்பிக் கேட்போம் அல்லவா? இங்கேயும் "எதை வெட்ட?" என்று கேட்க வேண்டும்.

அலகின் தடிப்பும் இதைப் பொறுத்ததே. பச்சைப் பொருளுக்கு மெல்லிய அலகு. தடிப்பானது நசுக்கிக்கொண்டு போகும். காய்ந்த விறகுக்குத் தடித்த முதுகு. அது ஆப்புப் போல் பிளந்து விலக்கும். இளநீர் சீவ அகலமான, மெல்லிய, மிகக் கூரான வாய் வேண்டும். தேங்காய் உடைக்கக் கூரே வேண்டியதில்லை; முதுகுப்புறத்தால் நடுவட்டத்தில் திருப்பித் திருப்பித் தட்டினால் இரண்டாகிவிடும். இது தெரியாமல் வாய்ப்புறத்தால் போட்டு விரலை வெட்டிக்கொண்ட கடைப்பையன்கள் உண்டு. புதிதாகச் சேரும் பையனுக்குச் சில்லறை எண்ணக் கற்றுத்தரும் அன்றைக்கே இதையும் கற்றுத்தாருங்கள்.

இரும்பும் துவைச்சலும்

நம் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிக்கிறார்கள். இது மட்டமான சரக்கு என்று எண்ண வேண்டாம். வில்லாக வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு இருக்கும். அடியைத் தாங்கும் தன்மையும் கூர் நிற்கும் தன்மையும் சேர்ந்தது. ஆனால் அந்தத் தன்மை வெளிப்படுவது துவைச்சலில்தான். அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதமேற்றுவதில். பதம் மிஞ்சினால் வாயில் சில்லுத் தெறிக்கும். பதம் குறைந்தால் வாய் மடங்கும்.

சரக்கு எடுக்கும்போது மூன்று சோதனை செய்யுங்கள். வாயின்மேல் அரத்தை மெல்ல ஓட்டுங்கள். வெண்ணெயை வழிப்பது போல் இறங்கினால் பதம் ஏறவில்லை என்று பொருள். பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகைச் சுண்டுங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோலத்தான். கணீரென்றால் நலம், மந்தமாக ஒலித்தால் விரிசலோ பிடித் தளர்ச்சியோ இருக்கலாம். மூன்றாவதாக, ஒரு காய்ந்த கட்டையில் பத்து வெட்டுப் போட்டு வாயை வெளிச்சத்தில் பாருங்கள். மடங்கலும் சில்லும் இல்லையென்றால் தாராளமாக எடுக்கலாம்.

பிடியில் கவனம்

எவ்வளவு நல்ல அலகும் கழன்ற பிடியில் ஆபத்துதான். பிடிக்குள் செல்லும் இரும்பு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். பிடி உருண்டையாக இருப்பதைவிடச் சற்றே முட்டை வடிவாக இருப்பது நல்லது. வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண் பாராமலே கை அறியும். அடியில் சிறு குமிழ் இருந்தால் ஈரக்கையிலும் நழுவாது. கருவேல மரப்பிடி நீண்ட நாள் உழைக்கும். வழவழவென்று வார்னிஷ் அடித்த பிடி பார்வைக்கு நன்றாக இருக்கும். வியர்த்த கையில் நில்லாது.

பிடியின் நீளத்தாலும் எடை நடுவம் மாறும். முன்பாரம் மிகுந்த அரிவாளுக்குச் சற்று நீண்ட, கனமான பிடி போட்டால் பாரம் கைப்பக்கம் வந்துவிடும். விற்காமல் தேங்கிக் கிடக்கும் சரக்கைப் பட்டறையில் கொடுத்துப் பிடி மாற்றியே விற்றுவிடலாம்.

சட்டமும் வரியும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளில், வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் பட்டியலில் உள்ளன. குக்ரி என்ற பெயரே அங்கு இருக்கிறது. வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை அதிலிருந்து விலக்குப் பெற்றவை. ஆகவே விவசாய அரிவாள் விற்பவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாள் போன்றதையும் அலங்காரக் கத்திகளையும், "கேட்கிறார்களே" என்று உரிமம் பற்றி விசாரிக்காமல் வாங்கி அடுக்காதீர்கள்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள், கத்தி செய்பவர்களும் விற்பவர்களும் வாங்குகிறவரின் பெயர், முகவரி, என்ன தேவைக்கு என்பதைக் குறித்து வைக்கும்படி அறிவுறுத்தியது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அறிமுகமில்லாத இளைஞர் வந்து, எதை வெட்ட என்று கேட்டால் விழித்தால், சரக்கு இல்லையென்று சொல்லிவிடுவதே நல்லது. அந்த ஒரு விற்பனையின் இலாபம் பிறகு வரும் அலைச்சலுக்கு ஈடாகாது. ஓர் உயிருக்கு ஒருபோதும் ஈடாகாது.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் கவனம் தேவை. கையால் இயக்கும் விவசாயக் கருவிகள், அரிவாள் உட்பட, 8201 என்ற தலைப்பில் வருகின்றன, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் அவற்றுக்கு வரி இல்லை. கத்திகள் 8211 என்ற வேறு தலைப்பில் வருபவை. அவற்றுக்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பில் போடாதீர்கள்.

நம் பலம் எது?

இணையத்தில் வீட்டிலிருந்தபடியே கத்தி வாங்கலாம் என்ற காலம் இது. அங்கே படத்தில் நீளம் போட்டிருக்கும், எடையும் போட்டிருக்கும். அந்த எடை எங்கே இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. வாங்குகிறவர் கைக்கு அது பொருந்துமா என்றும் சொல்லாது. நம் கடையில் அவர் கையில் எடுத்துப் பார்க்கலாம். பென்சில்மேல் வைத்துக் காட்டலாம். வாசலில் ஒரு கட்டையைப் போட்டு, "இரண்டு வெட்டுப் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

"எதை வெட்டப் போகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை நேரம் பிடிப்பீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பிறகு கொக்கியில் கைவைப்போம். வாங்குகிறவரின் கைக்கும் நம் நோட்டுப் புத்தகத்துக்கும் வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

அந்த இளநீர்ப் பெரியவருக்கு அன்று அரிவாளை மாற்றிக் கொடுத்தோம். கனம் குறைந்தது, அகன்ற வாய், எடை நடுவம் கைப்பக்கம் தள்ளியது. விலையும் குறைவு என்பதால் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு போனவர், அந்தக் கோடை முடிவதற்குள் தன்னைப் போல் இளநீர் விற்கும் மூன்று பேரை நம் கடைக்கு அனுப்பிவைத்தார். மூவரிடமும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அரிவாளை எடுத்தோம்.